கழற்றிய டிஸ்க்கும் அடிப்பிடித்த பருப்பும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தது, பாகம் பிரித்த மறுநாள் காலையில். என் கணவர் வழக்கம்போலக் குளித்து, திருநீறு பூசி, தோளில் ஈரத்துண்டோடு வந்து சுவிட்சைப் போட்டார். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே ‘எர்ரர் 21’ என்று வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. அதற்குக் காரணமான என் கொழுந்தன் அந்த நேரத்தில் திருநகரில் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தான். எங்களை அழைக்கவில்லை. அழைத்திருந்தாலும் இவர் போயிருக்க மாட்டார். நான் போயிருப்பேன்.

அண்ணன் தம்பி இரண்டே பேர்தான். ஜெய்ஹிந்த்புரத்தில் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில்தான் அதுவரை இருந்தோம். மாமியார் நான் வாக்கப்பட்டு வருவதற்கு முன்பே போய்விட்டார். மாமனார் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் போய், ஒரு வருடம் கழித்துத் தம்பிக்குக் கல்யாணம் நடந்தது. கல்யாணம் ஆகிச் சில மாதத்தில் தண்ணீர் மோட்டாரை யார் போடுவது, யார் அமத்துவது என்று அண்ணன் தம்பிக்குள் ஒரு பேச்சு வந்தது. தொட்டி நிரம்பி வழிந்ததற்கு ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னார்கள். பேச்சு மோட்டாரிலிருந்து வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் போய், அங்கிருந்து பத்து வயதில் யார் யாரை அடித்தார்கள் என்பதற்குப் போனது. நானும் என் ஓரகத்தியும் சமையலறையில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை. அதைக் கேட்பார்தான் இல்லை.

பாகம் பிரித்துக் கொடுக்கச் சோழவந்தானிலிருந்து தாய்மாமா வந்தார். அவருக்கு அங்கே வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. வரும்போதே ஆளுக்கு ஒரு கவுளி வெற்றிலை கட்டிக்கொண்டு வந்து, இரண்டையும் தூக்கிப் பார்த்து, ஒரே எடை என்று உறுதி செய்தபிறகுதான் கொடுத்தார். பழைய வீடு பெரியவனுக்கு, திருநகர் வீடு சின்னவனுக்கு. கிரைண்டர் எங்களுக்கு, குக்கர் அவர்களுக்கு. மீதிக்கு ஒரே சட்டம் வைத்தார்.

“அவங்கவங்க வாங்குனது அவங்கவங்களுக்கு. இன்னையோட சரி. நாளைக்கு அத விட்டுட்டேன், இத விட்டுட்டேன்னு ஒருத்தர் வாசல்ல ஒருத்தர் போய் நிக்கக் கூடாது. ஆம்பளைங்களா இருந்தா சொன்ன சொல்லுல நில்லுங்க.”

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அப்போதுதான் கொழுந்தன் எழுந்து போய் ஸ்குரூடிரைவரை எடுத்து வந்தான்.

“பொட்டி அண்ணன் வாங்குனது. உள்ள ரெண்டாவதா இருக்க ஹார்ட் டிஸ்க்கு நான் வாங்குனது.”

“அவன் எடுத்துக்கட்டும்” என்றார் இவர், சுவரைப் பார்த்து.

கம்ப்யூட்டரின் பக்கத் தகரத்தைக் கழற்றி, உள்ளேயிருந்து செங்கல்லில் பாதி இருக்கும் ஒரு இரும்புத் துண்டை எடுத்து மஞ்சப்பையில் போட்டான். தாய்மாமா எட்டிப் பார்த்து, “இம்புட்டுக்காண்டுதானா? இதுக்கா இந்தப் பாடு?” என்றார். வாசல் தாண்டும்போது கொழுந்தன் திரும்பி நின்று, “இனி இந்த வீட்டுல பச்சத்தண்ணி பல்லுல படாது” என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் நான். தண்ணீர் கொடுத்ததும் நான்தான். சண்டை அண்ணனோடு, சபதம் என் குடத்து மேலயா?

அந்த இரும்புத் துண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொழுந்தன் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்த்தான். எல்லோர் வீட்டிலும் விண்டோஸ் இருந்தது, அவனுக்கு மட்டும் லினக்ஸ் வேண்டும். ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடிக்களை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அதை ஏற்றினான். அண்ணனுடைய டிஸ்கைத் தொட்டால் அண்ணன் தொலைத்துவிடுவார் என்று தனக்கென்று ஒரு டிஸ்க் வாங்கி அதே பெட்டிக்குள் வைத்தான். “அண்ணே, ஒன்னுது ஒனக்கு, என்னுது எனக்கு. தனி வீடு, தனி வாசல்” என்றான். அதற்கப்புறம் சுவிட்சைப் போட்டால் முதலில் இரண்டு வரி வரும். கீழ் அம்புக்குறியை அமுக்கினால் விண்டோஸ். அமுக்க மறந்தால் கொஞ்ச நேரத்தில் லினக்ஸின் பென்குயின் வந்து உட்கார்ந்துகொள்ளும். என் கணவர் அந்த அம்புக்குறியைக் கொசுவை நசுக்குகிற மாதிரி அமுக்குவார். அப்போதெல்லாம் அதற்குச் சண்டை வந்ததில்லை.

இனி அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்த ஒரு குரலைப் பற்றி. அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன என்று நான் விட்டிருப்பேன். துணி போட்டு மூடி மேலே ரேடியோவை வைத்திருப்பேன்.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த அன்று மாமனார் உயிரோடு இருந்தார். பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நான் பாசிப்பருப்புப் பாயசம் வைத்தேன். கூடவே ஒரு மைக்கும் வந்திருந்தது. அது வேலை செய்கிறதா என்று பார்க்கக் கொழுந்தன் அதை மாமனார் வாய்க்கு நேரே நீட்டி, “ஏதாச்சும் பேசுங்கப்பா” என்றான். அவர் பேசியது மொத்தமும் எனக்கு மனப்பாடம்.

“இதுலயா? ம்... ஒண்ணு. ரெண்டு. போதுமாடா? என்னத்தடா பேசச் சொல்ற, பைத்தியக்காரப் பயலே.” பிறகு நாற்காலி கிரீச்சென்ற சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டுப் பெரிய குரலில், “ஏத்தா! அடுப்புல என்னமோ அடிப்பிடிக்குது, போய்ப் பாரு!”

கம்ப்யூட்டரில் பதிவானது அவ்வளவுதான். அன்றைக்குப் பாயசம் நிஜமாகவே அடிப்பிடித்திருந்தது. அடியில் கருகியதை ஒதுக்கிவிட்டு எல்லோரும் குடித்தோம். ஏலக்காய் தூக்கலாக இருக்கிறது என்று மாமனார் சொன்னார். நல்ல மனுசன்.

அவர் திடீரென்று போய்விட்டார். காலையில் டீ குடித்தார், மத்தியானம் இல்லை. ஹாலில் போட்டோ மாட்டி, சின்ன சிவப்பு பல்பு போட்டோம். போட்டோவில் அவர் யாரோ மாதிரி இருந்தார். ரேஷன் கார்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும், ஒருநாள் காலையில் நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது ஹாலிலிருந்து “ஏத்தா!” என்று கேட்டது. கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன். எட்டிப் பார்த்தால், இவர் ஈரத்துண்டோடு கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்புக்குத் திரும்பினேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் குளித்துவிட்டு வந்ததும் அது ஒரு தடவை ஓடும். வேறெதற்கும் இவர் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை. தினமும் மாமனார் என்னைக் கூப்பிட்டு அடுப்பைப் பார்க்கச் சொல்வார். தினமும் நான் அடுப்பைத் திரும்பிப் பார்ப்பேன். அடிப்பிடித்திருக்காது என்று தெரியும். இருந்தாலும் பெரியவர் சொன்னால் பார்க்காமல் இருக்க முடியுமா?

அதனால்தான் ‘எர்ரர் 21’ வந்த அன்று இவர் திரும்பத் திரும்ப சுவிட்சை அமத்திப் போட்டதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பெட்டியின் பக்கத்தில் தட்டினார். மேலே தட்டினார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். துண்டைக்கூட மாற்றாமல் நின்றார். இவர் ஒரு கூட்டுறவு பண்டகசாலையில் கிளார்க். அன்றைக்கு முதல் தடவையாகத் தாமதமாகப் போனார்.

“தம்பிக்கு ஒரு போன் போட்டுக் கேக்கவா?” என்றேன் சாயங்காலம்.

“எதுக்கு? சொன்ன சொல்லு என்ன ஆகுறது?”

“நீங்க கேக்க வேணாம். நான் கேக்குறேன்.”

“நீ கேட்டா நான் கேட்ட மாதிரிதான்.”

அடுத்து வந்த நாட்களில் தெருவில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். உள்ளே எறும்பு போயிருக்கும் என்றார் எதிர்வீட்டுக்காரர். கரண்டு கூடக்குறைய வருகிறது என்றார் மேல்வீட்டுக்காரர். தகரத்தைக் கழற்றி உள்ளே பார்த்தோம். ஏகப்பட்ட தூசி. டிஸ்க் இருந்த இடம் பல் பிடுங்கிய இடம் மாதிரி காலியாக இருக்க, ஒரு வயர் மட்டும் சும்மா தொங்கியது. இவர் அந்த வயரைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு மெதுவாக விட்டார். அவர் தம்பியைத்தான் நினைத்தார் என்று எனக்குத் தெரியும். சொன்னால் சண்டை வரும் என்று சொல்லவில்லை.

கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனோம். ஒரு மாடியில் ரிப்பேர் கடை. அங்கே இருந்தவர் எங்கள் பெட்டியை ஒரு தடவை போட்டுப் பார்த்தார், அந்த வரி வருவதற்குள் அமத்திவிட்டார்.

“டிஸ்க் அடிவாங்கிருச்சுண்ணே. ஒரு ஃபார்மட் அடிச்சு விட்டா கன்னுக்குட்டி மாதிரி ஓடும்.”

அந்தக் காலத்தில் ஃபார்மட்தான் சர்வரோக நிவாரணி. மவுஸ் நகராவிட்டாலும் ஃபார்மட், பிரிண்டர் சிக்கினாலும் ஃபார்மட்.

“அடிச்சா, உள்ள இருக்கறது என்னாகும்?” என்று கேட்டார் இவர்.

“போயிரும். பொட்டி புதுசு மாதிரி ஆயிரும். ஏண்ணே, முக்கியமா ஏதும் வச்சிருக்கீங்களா?”

இவர் சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் இன்னும் நாலைந்து பேர் அவரவர் பெட்டியோடு காத்திருந்தார்கள். முன்பின் தெரியாத ஆளிடம், இத்தனை பேருக்கு நடுவில், ‘எங்கப்பா ஒண்ணு ரெண்டு சொல்றது இருக்கு’ என்று எப்படிச் சொல்வார்? 

“ஒண்ணுமில்ல” என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! ஒண்ணுமில்லையா? தினமும் காலையில் ஈரம் சொட்டச் சொட்ட நிற்பது ஒண்ணுமில்லாததற்கா? நான் மேசையிலிருந்து பெட்டியை வயரோடு பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். “ஃபார்மட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்க வாங்க” என்று படி இறங்கினேன். கடைக்காரர், “அக்கா, கவர் ஸ்குரூவ விட்டுட்டுப் போறீங்க” என்று பின்னால் கத்தினார். பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை இடுப்பை விட்டு இறக்கவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பழங்காநத்தம் வரும்போது, “நல்லவேளை” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் நான் திருநகருக்கு பஸ் ஏறினேன். இவரிடம் சொல்லவில்லை. சொன்ன சொல் ஆம்பளைகளுக்குத்தானே? எனக்கு யாரும் சட்டம் வைக்கவில்லை. சும்மா போகக் கூடாது என்று ஒரு தூக்குவாளி நிறைய வெங்காய வடகம் எடுத்துக்கொண்டேன். கொழுந்தன் வேலைக்குப் போயிருப்பான் என்று நேரம் பார்த்துத்தான் போனேன்.

ஓரகத்தி கதவைத் திறந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹாலில் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று, பூப்போட்ட துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது.

“என்னத்தா, புதுசா? நல்லா ஓடுதா?” என்றேன், சாதாரணமாகக் கேட்கிற மாதிரி.

அவள் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “எங்கக்கா ஓடுது? இங்க வந்த நாள்ல இருந்து கறுப்பாத்தான் நிக்குது. அந்த டிஸ்க்க உள்ள வச்சா, ஒண்ணுமே இல்லைங்குதாம். யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லியிருக்காக.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். “அங்கயும் அதே கததான்” என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு ஆம்பளை, ரெண்டு பெட்டி, ஒன்றாக இருந்தவரைக்கும் ஓடியது, பிரித்த பிறகு ரெண்டும் படுத்துவிட்டது. ரெண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள்.

“அந்த சிடி இருந்தாக்கூட நான் பாத்துக்குவேன்றாக. உங்க வீட்டு ஷோகேஸ்ல இருக்காமே? போய்க் கேளுங்கன்னா, பிரிக்கும்போது சொல்லாம விட்டுட்டேன், இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கன்றாக.”

நான் தூக்குவாளியை அவள் மடியில் வைத்தேன். அந்த சிடிக்கள் ஷோகேஸில் இல்லை. எங்கள் மொட்டை மாடியில் நூலில் தொங்கிக் காக்கா விரட்டிக்கொண்டிருந்தன. அவை பளபளத்ததால்தான் அவள் மடியில் இருந்த வடகம் அவளுக்குக் கிடைத்தது.

பிறகு ரிப்பேர் கடைக் கதையைச் சொன்னேன். ஃபார்மட் அடிக்கிறேன் என்று அந்த ஆள் சொன்னதையும், இவர் ஒண்ணுமில்லை என்றதையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் ஒருமாதிரி ஆகிவிட்டது. இவளுக்கு அந்தக் குரல் பெரிதாகத் தெரியாது. கல்யாணமாகி எங்களோடு இருந்த சில மாதமும் காலையில் குழாயடியில் நிற்பாள், இல்லாவிட்டால் மாடியில் துணி காயப்போடுவாள். மாமனாரை அவள் பார்த்ததே இல்லை, போட்டோவைத் தவிர.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு போன் வந்தது. நல்லவேளை நான்தான் எடுத்தேன்.

“அக்கா, சொல்லிட்டேன். சாப்புட்டுக்கிட்டு இருந்தாக. ஃபார்மட்டுன்னு சொன்னதும் தட்டுலயே கையக் கழுவிட்டாக. அப்பா வாய்ஸ் அதுலதானடி இருக்குன்னு கத்துறாக. நாளைக்கு அரைநாள் லீவப் போட்டுட்டு அங்க வாராகளாம். மூத்தவக இல்லாத நேரமா வரச் சொல்லியிருக்கேன்.”

மறுநாள் காலையிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இவருக்கு டிபன் பாக்ஸைக் கட்டி, கட்டியதை அப்படியே மேசையில் வைத்துவிட்டேன். இவரும் எடுக்காமல் போய்விட்டார். கொழுந்தன் பதினோரு மணிவாக்கில் வந்தான். ஒரு கையில் மஞ்சப்பை, ஒரு கையில் தண்ணீர் பாட்டில். திருநகர்த் தண்ணீர்.

“உள்ள வா தம்பி.”

“வாரேன் மதினி. தண்ணியெல்லாம் வேணாம்.”

“நான் இன்னும் கேக்கவே இல்லையே.”

அவன் வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்து பாட்டிலை மானிட்டர் பக்கத்தில் வைத்தான். நான் அடுப்பில் சாம்பாருக்குப் பருப்பைப் போட்டேன். குக்கர் திருநகர் போய்விட்டதால் சட்டியில்தான் வேக வைக்க வேண்டும், அடிக்கடி கிண்ட வேண்டும். ஆனால் கால் சமையலறையில் நிற்கவில்லை. போய்ப் போய் அவன் பின்னால் நின்றேன்.

மஞ்சப்பையிலிருந்து டிஸ்கை எடுத்து, தொங்கிய வயரை அதில் சொருகி, சுவிட்சைப் போட்டான். கறுப்புத் திரை வந்தது. பிறகு, அதே பழைய இரண்டு வரி! ஊருக்குப் போனவர்கள் வந்த மாதிரி இருந்தது எனக்கு.

“என்னதான் தம்பி ஆச்சு இதுக்கு?”

அவன் தலையைச் சொறிந்தான். “ரெண்டு வீட்டுக்கும் ஒரே வாசக் கேட்டு மதினி. அந்தக் கேட்டக் கொண்டுபோய் அண்ணன் டிஸ்க்குல போட்டுட்டேன். அதத் தொறக்குற சாவி என் டிஸ்க்குல இருந்துச்சு. சாவியத் தூக்கிட்டுப் போயிட்டேன். இங்க இருக்க கேட்டு, சாவியத் தேடிக்கிட்டே நிக்குது. எனக்கு அங்க சாவி இருக்கு, கேட்டு இல்ல.”

“தனி வீடு, தனி வாசல்னு சொன்ன?”

“சொன்னேன்” என்றான்.

முதலில் பென்குயினுக்குள் போய் நிறைய என்னமோ தட்டினான். அவனுடைய டிஸ்கிலேயே அவனுக்கு ஒரு கேட் போட்டாயிற்றாம். அமத்திவிட்டு டிஸ்கைக் கழற்றி மறுபடி மஞ்சப்பையில் வைத்தான். இனி எங்கள் டிஸ்கில் இருக்கிற பழைய கேட்டை எடுத்துவிட்டு, விண்டோஸுக்கு நேரே வாசல் வைக்க வேண்டும். அதற்கு ஒரு ஃபிளாப்பி வேண்டும் என்றான். அது ஷோகேஸில் இருந்தது. ஃபிளாப்பிக்குக் காக்கா பயப்படாது என்பதால் அது பிழைத்திருந்தது.

ஃபிளாப்பியைப் போட்டு அது கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. இவர். டிபன் பாக்ஸுக்காக வந்திருக்கிறார்.

வாசலில் தம்பியின் செருப்பைப் பார்த்திருப்பார். உள்ளே வந்து, தம்பியைப் பார்த்து, திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்து, தண்ணீர் பாட்டிலைப் பார்த்து, நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். முந்தாநாள் பேப்பர். கொழுந்தனின் முதுகு விறைத்துக்கொண்டது. திரும்பவில்லை. எனக்கு நடுவில் நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

திரையில் சின்னதாக ஒரு கட்டளையைத் தட்டினான். கடைசிப் பொத்தான் மேல் விரலை வைத்துவிட்டு நின்றான்.

“இது தப்பாப் போனா?” என்றேன்.

“போகாது மதினி.”

“போனா?”

 விரல் அப்படியே நின்றது. பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“பாத்து.”

பாகம் பிரித்த பிறகு அண்ணன் தம்பியிடம் சொன்ன முதல் வார்த்தை.

“சரிண்ணே” என்று பொத்தானை அமுக்கினான்.

ஒன்றுமே ஆகவில்லை. முடிந்தது என்றும் சொல்லவில்லை, முடியவில்லை என்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான், இது இப்படித்தான் என்று கொழுந்தன் சொன்னான். ஃபிளாப்பியை வெளியே எடுத்தான், அமத்திப் போட்டான். நான் அழகர்கோவில் இருக்கும் திசையில் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். அந்த இரண்டு வரி வரவில்லை. எர்ரரும் வரவில்லை. நீலமாக ஒரு வானம் வந்தது, வெள்ளை மேகம் வந்தது. பிறகு அந்தப் பழைய இசை. பேப்பர் கீழே இறங்கியிருந்தது.

 கொழுந்தன் அந்தக் குரல் இருந்த இடத்துக்கு நேரே போய் அதை அமுக்கினான். எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை. அவன் வைத்ததுதானே.

“இதுலயா? ம்... ஒண்ணு. ரெண்டு.”

இவர் எழுந்து வந்து தம்பியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கை நாற்காலி முதுகைப் பிடித்திருந்தது. அங்கே தம்பியின் தோளும் இருந்தது.

“என்னத்தடா பேசச் சொல்ற, பைத்தியக்காரப் பயலே.”

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். நாற்காலி கிரீச்சென்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

“ஏத்தா! அடுப்புல என்னமோ அடிப்பிடிக்குது, போய்ப் பாரு!”

நான் வழக்கம்போலத் திரும்பினேன். சமையலறையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

பருப்பு! ஆனால் என்னால் ஒரு அடி எடுத்துவைக்க முடியவில்லை, அப்படி அழுதுகொண்டிருந்தேன். இவரும் அசையவில்லை. கொழுந்தன்தான் எழுந்து ஓடினான். அடுப்பை அமத்துகிற சத்தம், சட்டியை இறக்குகிற சத்தம், “ஆத்தாடி சுடுது” என்ற சத்தம் எல்லாம் கேட்டது. அந்தச் சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். எதையும் நான் இடம் மாற்றியிருக்கவில்லை. வெளியே வந்து, விரலை ஊதிக்கொண்டே நின்றான்.

“முழுசாவா?” என்றார் இவர்.

“அடி மட்டும்தாண்ணே. மேல நல்லாருக்கு.”

“அப்பச் சாப்புட்டுட்டுப் போ.”

கொழுந்தன் யோசித்தான். அவன் என்ன யோசித்தான் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் பல்லில் படாது என்றுதான் சொல்லியிருந்தான். சோற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

கருகிய வாசத்தோடு பருப்பைச் சோற்றில் ஊற்றி, நெய் விட்டு, அப்பளத்தோடு போட்டேன். அண்ணன் தம்பி இரண்டு பேரும் அடிப்பிடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொழுந்தன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். விக்கியபோது திருநகர் பாட்டிலை எடுத்துக் குடித்தான். இவர் அதைப் பார்த்தார். “அது சப்புனு இருக்குமே” என்றார். “ஆமாண்ணே, கலங்கலா வேற இருக்கு” என்றான் அவன். ஆனாலும் அதையேதான் குடித்தான். சொன்ன சொல் இருக்கிறதல்லவா.

கிளம்பும்போது, “சிடி இருந்தா எடுத்துக்கிறேன் மதினி” என்றான்.

“மாடில தொங்குது தம்பி. காக்காய்க்கு.”

அவன் அண்ணாந்து மாடிப் பக்கம் பார்த்தான். “காக்கா வருதா?”

“வரல.”

“அப்ப இருக்கட்டும்.”

இவர் அதுவரை ஷோகேஸில் எதையோ துழாவிக்கொண்டிருந்தார். ஒரு காலி ஃபிளாப்பியை எடுத்து வந்து தம்பியிடம் நீட்டினார். “ஒனக்கும் ஒண்ணு எடுத்துக்க” என்றார், சுவரைப் பார்த்துத்தான். எதை என்று தம்பி கேட்கவில்லை. அப்பாவின் குரலை அதில் ஏற்றிக்கொண்டு, சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டே படி இறங்கினான்.

மறுநாள் காலையில் இவர் குளித்துவிட்டு வந்து குரலைப் போட்டு, கேட்டுவிட்டு, வேலைக்குப் போன பிறகு போன் அடித்தது. ஓரகத்தி.

“அக்கா, இங்க பொட்டி ஓடிருச்சு” என்றாள். “காலையிலயே மாமா பேசுனதப் போட்டுட்டாக. நான் சமையக்கட்டுல இருக்கேன், என்னடா யாரோ கூப்புடுறாகன்னு ஓடிப் போய் அடுப்பப் பாத்தேன். பால்தான் இருந்துச்சு. ஒண்ணும் அடிப்பிடிக்கல.”

“எனக்கும் தெனமும் அதே பொழப்புத்தான்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.  

“அக்கா, மாமா என்னைய ஒரு தடவகூடக் கூப்புட்டதில்லையே. இன்னைக்குத்தான் முதத்தடவ. என்னையறியாம, ‘இந்தா பாக்குறேன் மாமா’ன்னு சொல்லிட்டேன். அவுக ஒருமாதிரி என்னையப் பாத்தாக. சொல்லலாம்ல அக்கா? தப்பில்லையே?”

“தப்பென்ன இருக்கு? மருமகதானே நீயி” என்றேன்.

போனை வைத்துவிட்டு அடுப்பைத் திரும்பிப் பார்த்தேன். நானும் தினமும் ‘இந்தா பாக்குறேன் மாமா’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், இவர் காதில் விழாமல்.